மூன்றாவது கேள்வி கேட்கக் கூடாது

அமெரிக்கக் கடைகளுக்குள் நுழையும் நாய்கள்... நடுவில் மாட்டிக்கொள்ளும் ஊழியர்கள்!

சனிக்கிழமை மாலை. அமெரிக்கப் புறநகர் ஒன்றின் சூப்பர் மார்க்கெட்டில் வாரக் கடைசிக் கூட்டம். பில் போடும் வரிசை ஐஸ்கிரீம் அலமாரி வரை நீண்டிருக்கிறது. மூன்றாவதாக நிற்கும் பெண்ணின் தள்ளுவண்டியில், கைக்குழந்தையை உட்காரவைக்கும் இடத்தில், ஒரு வெள்ளைப் பூடில் நாய். வண்டிக்குள் பையில் போடாத ஆப்பிள்கள். நாய் குனிந்து ஒவ்வொன்றாக முகர்கிறது. ஒன்றை நக்கியும் பார்க்கிறது.

பின்னால் நிற்கும் முதியவருக்குப் பொறுக்கவில்லை. கல்லாவில் இருக்கும் இளம்பெண்ணிடம், "இதையெல்லாம் நீங்க கேட்க மாட்டீங்களா?" என்கிறார். அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்கிறாள். "மேடம், இது சேவை நாயா?"

"ஆமாம்."

"என்ன வேலைக்குப் பழக்கியிருக்கீங்க மேடம்?"

"அது உனக்கு எதுக்கு? எனக்கு என்ன நோய்னு எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?" கையில் இருந்த போன் உயர்கிறது. கேமரா ஓடத் தொடங்குகிறது. சத்தம் கேட்டு வந்த மேனேஜர் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்கிறார். முதியவர் கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு, "மேலிடத்துக்கு எழுதுகிறேன்" என்று வெளியேறுகிறார். ஐந்து நிமிடத்தில் இரண்டு புகார்கள், இரண்டும் கல்லாவில் இருந்த பெண்ணின் மேல். அடுத்த வாடிக்கையாளர் பொருட்களை எடுத்து வைக்கிறார். அவள் சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவில் கடை வேலை பார்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், இதுபோன்ற ஒரு கதையாவது கிடைக்கும். பிள்ளைகளைப் பார்க்க அங்கே போய்வரும் நம் ஊர்ப் பெற்றோர்கள்கூட, "காய்கறிக் கடைக்குள்ள நாயைக் கூட்டிட்டு வர்றாங்க" என்று வியப்போடு சொல்வதுண்டு. ஆனால், அந்த நாய்க்கும் ஆப்பிளுக்கும் நடுவில் நிற்கும் ஊழியரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பெண் கேட்ட இரண்டு கேள்விகளும் சட்டம் அனுமதித்தவை. சட்டப்படி சரியாக நடந்துகொண்டவள்தான் அங்கே குற்றவாளி ஆனாள். இது ஏன் நடக்கிறது?

ஒரு பார்வையற்ற இளைஞரும் 'படி' என்ற நாயும்

கடைக்குள் நாய் வரும் உரிமை போராடிப் பெற்றது. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரைச் சேர்ந்த மோரிஸ் ஃப்ராங்க், சிறு வயதில் ஒரு கண்ணையும் பதின்ம வயதில் மறு கண்ணையும் இழந்தவர். சுவிட்சர்லாந்தில் நாய்களைப் பழக்கிக்கொண்டிருந்த டாரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1927-ல் எழுதிய பத்திரிகைக் கட்டுரையை ஃப்ராங்குக்கு வாசித்துக் காட்டினார்கள். முதல் உலகப் போரில் பார்வை இழந்த ஜெர்மானியச் சிப்பாய்களை நாய்கள் வழிநடத்துவதைப் பற்றிய கட்டுரை அது. ஃப்ராங்க் சுவிட்சர்லாந்துக்கே போய், 'படி' என்ற ஜெர்மன் ஷெப்பர்டோடு 1928-ல் திரும்பினார். நியூயார்க்கின் பரபரப்பான சாலை ஒன்றை அந்த நாயை மட்டும் நம்பிக் கடந்து காட்டினார். அடுத்த ஆண்டே, 'தி சீயிங் ஐ' என்ற வழிகாட்டி நாய்ப் பள்ளியை ஃப்ராங்கும் யூஸ்டிஸும் சேர்ந்து தொடங்கினார்கள். படியை உள்ளே விட மறுத்த ரயில்களோடும் ஹோட்டல்களோடும் ஃப்ராங்க் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்.

அந்தப் போராட்டத்தின் நாடு தழுவிய பலன், 1990 ஜூலை 26-ல் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம். கடை, உணவகம், திரையரங்கு என்று பொதுமக்கள் வந்துபோகும் இடங்கள் பொதுவாகச் சேவை நாயோடு வருபவரைத் தடுக்க முடியாது. 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்திய விதிகள், சேவை விலங்கு என்றால் எது என்பதை இறுக்கமாக வரையறுத்தன. மாற்றுத்திறனாளி ஒருவருக்காகக் குறிப்பிட்ட வேலையைச் செய்யத் தனிப்பட்ட முறையில் பழக்கப்பட்ட நாய் மட்டுமே சேவை விலங்கு. குள்ளக் குதிரைகளுக்கு மட்டும் நிபந்தனைகளோடு தனி விதி உண்டு.

வேலை என்றால் பார்வையற்றவரை அழைத்துப்போவது மட்டுமில்லை. காது கேளாதவருக்கு அழைப்பு மணியை உணர்த்துவது, சர்க்கரை அளவு சரிவதை மோப்பத்தால் கண்டுபிடித்து எச்சரிப்பது, வலிப்பு வந்தவரைப் பாதுகாப்பது, சக்கர நாற்காலியை இழுப்பது, போர்க்கள நினைவுகளால் நிலைகுலையும் முன்னாள் ராணுவ வீரரைத் தொட்டு நிகழ்காலத்துக்குக் கொண்டுவருவது என்று பட்டியல் நீளும். இவற்றில் பாதிக்கு மேல், எஜமானரைப் பார்த்தால் வெளியே எதுவும் தெரியாது. தெம்பாக நடந்துவரும் முப்பது வயதுக்காரரின் பக்கத்தில் வரும் நாய் அவர் உயிரைக் காப்பதாக இருக்கலாம். "ஆளைப் பார்த்தால் நல்லாத்தானே இருக்கார்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

■ பெட்டிச் செய்தி: கேட்கலாமா, கூடாதா?

ஊழியர் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டே. ஒன்று: உடற்குறை அல்லது மனநலக் குறை காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா இது? இரண்டு: என்ன வேலை செய்ய இதற்குப் பயிற்சி தரப்பட்டிருக்கிறது? பார்வையற்றவரை நாய் அழைத்துவருவது கண்ணெதிரே தெரிந்தால் இவற்றைக்கூடப் பொதுவாகக் கேட்கக் கூடாது.

உங்களுக்கு என்ன குறை என்று கேட்கக் கூடாது. சான்றிதழ், அடையாள அட்டை கேட்கக் கூடாது. அந்த வேலையைச் செய்து காட்டச் சொல்லக் கூடாது. நாய்க்கு மேலங்கி கட்டாயமில்லை. இனத்தையோ அளவையோ காரணம் காட்டித் தடுக்க முடியாது. மற்றவருக்கு ஒவ்வாமை, நாய் என்றால் பயம் என்பதும் தடுக்கக் காரணமாகாது.

நாய் கட்டுக்கு அடங்காமல் போய், அதை எஜமானர் அடக்காவிட்டாலோ, கண்ட இடத்தில் அசுத்தம் செய்தாலோ வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். அப்போதும் நாய் இல்லாமல் பொருள் வாங்கிக்கொள்ள அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும்.

கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது?

குழப்பம் தொடங்கும் இடம், மனத்துணைக்காக வளர்க்கப்படும் நாய்கள். ஒருவருக்குப் பதற்ற நோய் இருக்கிறது. பதற்றம் வரப்போவதை நாய் உணர்ந்து, அவர் மேல் சாய்ந்தோ கையை முட்டியோ அதைத் தணிக்கப் பழகியிருந்தால் அது சேவை நாய். நாய் பக்கத்தில் இருந்தாலே அவருக்கு நிம்மதி என்றால், அது மனத்துணை நாய். கடைக்குள் வர அதற்குச் சட்ட உரிமை கிடையாது. வழக்கறிஞர்களே நின்று யோசிக்கும் கோடு இது. கல்லாவில் நிற்கும் கல்லூரி மாணவி, வரிசையில் பத்துப் பேர் காத்திருக்க, முப்பது விநாடியில் இதைப் பிரித்தறிய வேண்டும்.

அதே மனத்துணை நாய்க்கு வாடகை வீட்டில் இருக்க வேறொரு சட்டம் இடம் தருகிறது. விமானத்தில் வரவும் முன்பு இடம் இருந்தது. 2018 ஜனவரியில் நியூவர்க் விமான நிலையத்துக்கு ஒரு பெண், 'மனத்துணை' என்று சொல்லி ஒரு மயிலையே கொண்டுவந்தார். யுனைடெட் நிறுவனம் ஏற்ற மறுத்தது உலகச் செய்தியானது. டெல்டா விமான நிறுவனம், விலங்குகள் கடிப்பது, அசுத்தம் செய்வது போன்ற சம்பவங்கள் 2016-லிருந்து 84 சதவிகிதம் கூடிவிட்டதாக அதே ஆண்டு அறிவித்தது. கடைசியில் 2021 ஜனவரி முதல், மனத்துணை விலங்குகளைச் சேவை விலங்குகளாக நடத்தத் தேவையில்லை என்று போக்குவரத்துத் துறை விதியை மாற்றியது. விமான நிறுவனங்கள் தப்பித்தன. "வீட்டுக்குச் செல்லும், விமானத்துக்குச் செல்லும், கடைக்கு ஏன் செல்லாது?" என்று அந்த ஆண்டுகளில் மக்கள் மனதில் பதிந்துபோன எண்ணம் மட்டும் மாறவில்லை. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு இன்று கடை ஊழியர் தலையில்.

ஏன் கூட்டிவருகிறார்கள்?

நாயோடு வருபவர்களை எல்லாம் திமிர் பிடித்தவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் 1940-ல் நூறு வீடுகளில் எட்டு வீடுகள் தனி ஆள் வீடுகள். 2020 கணக்கெடுப்பில் அது ஏறக்குறைய 28. தனிமையை நாட்டின் பொதுச் சுகாதாரப் பிரச்னையாக அறிவித்து, அப்போதைய தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி 2023 மே மாதம் ஓர் அறிவுறுத்தலே வெளியிட்டார். கொரோனா காலத்தில் ஏறத்தாழ 2.3 கோடி குடும்பங்கள் புதிதாக நாயோ பூனையோ வாங்கி வளர்த்ததாக விலங்கு நல அமைப்பான ஏ.எஸ்.பி.சி.ஏ. கணித்தது. வெளி மனிதர்களைப் பார்க்காமல், எஜமானரை விட்டு ஒரு மணி நேரமும் பிரியாமல் வளர்ந்த நாய்கள் அவற்றில் பல. வீட்டில் தனியே விட்டால் குரைத்துத் தீர்க்கின்றன.

காரில் விட்டுவிட்டும் வர முடியாது. வெளியே 21 டிகிரி செல்சியஸ் இருக்கும் இதமான நாளில்கூட, மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 40 டிகிரியாகிவிடும் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் எச்சரிக்கிறது. பல மாநிலங்களில் அப்படி விட்டுப்போவதே குற்றம். பால் வாங்க வந்தவர், நாயைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறார்.

செல்லப் பிராணிக் கடைகள் நாய்களை வாசலிலேயே வரவேற்கின்றன. கட்டுமானப் பொருள் விற்கும் பெரிய கடைகள் பலவற்றில் கண்டுகொள்வதில்லை. வால்மார்ட், டார்கெட், காஸ்ட்கோ போன்ற உணவுப் பொருள் விற்கும் கடைகளோ 'சேவை விலங்குகள் மட்டும்' என்கின்றன. உணவு மருந்து நிர்வாகத்தின் மாதிரி உணவு விதித்தொகுப்பும், உணவு விற்கும் இடத்தில் சேவை விலங்குகள் தவிர மற்றவற்றுக்குப் பொதுவாக இடமில்லை என்றே சொல்கிறது. ஒரே வாகன நிறுத்தத்தைச் சுற்றி மூன்று கடைகள், மூன்று வழக்கங்கள். "பக்கத்துக் கடையில ஒண்ணும் சொல்லலையே" என்ற வாதம் தினமும் கிளம்புகிறது.

இவற்றையெல்லாம் புரிந்துகொள்ள முடிகிறது. இணையத்தில் மேலங்கி வாங்கி மாட்டும் வேலையைத்தான் மன்னிக்க முடியவில்லை.

சிவப்பு மேலங்கியின் விலை

'சேவை நாய்' என்று எழுதிய மேலங்கியை எவரும் இணையத்தில் வாங்கலாம். கூடவே பெயர், படம் போட்ட அடையாள அட்டை, தங்க முத்திரை வைத்த சான்றிதழ், 'தேசியப் பதிவேட்டில்' ஓர் எண். அப்படி ஒரு தேசியப் பதிவேட்டை அமெரிக்க அரசு வைத்திருக்கவே இல்லை. இந்த ஆவணங்கள் எந்த உரிமையையும் தராது, இவற்றைச் சான்றாக ஏற்பதில்லை என்று கூட்டரசின் நீதித்துறை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆனால், கல்லாவில் நீட்டப்படும்போது அட்டை அட்டைதான். உண்மையான சேவை நாயோடு வருபவர் பல நேரம் எதையும் நீட்டமாட்டார், நீட்டத் தேவையும் இல்லை. அதனால் ஒரு விபரீதம் நடக்கிறது. அட்டை வைத்திருக்கும் பொய்யர் சுலபமாக உள்ளே போகிறார். அட்டை இல்லாத நிஜமான மாற்றுத்திறனாளி வாசலில் சந்தேகத்தைச் சந்திக்கிறார்.

மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில், செல்லப் பிராணியைச் சேவை நாய் என்று பொய் சொல்வது குற்றம். கலிஃபோர்னியாவில் ஆறு மாதம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். ஃப்ளோரிடா 2015-ல் கொண்டுவந்த சட்டம், தண்டனையோடு 30 மணி நேரம் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பில் சேவை செய்யவும் வைக்கிறது. கலிஃபோர்னியா 2022 முதல், மனத்துணை நாய் விற்பவர்கள் 'இது சேவை நாய் அல்ல' என்று வாங்குபவருக்கு எழுத்தில் தர வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. ஆனாலும் வழக்குப் பதிவாவது அபூர்வம். கடைக்கு வரும் போலீஸ்காரர் மட்டும் எதைப் பார்த்து முடிவு செய்வார்? அவரிடமும் அதே இரண்டு கேள்விகள்தான் இருக்கின்றன.

துடைக்கும் கைகள் யாருடையவை?

சேவை நாயின் கழிவைச் சுத்தம் செய்வது எஜமானரின் பொறுப்பு; ஊழியர் நாயைக் கவனித்துக்கொள்ள வேண்டியதில்லை என்கிறது நீதித்துறை. நடைமுறையில் மூன்றாம் எண் பாதையில் ஈரம் தெரிந்தால் ஒலிபெருக்கியில் கூப்பிடுவது ஊழியரைத்தான். எஜமானர் அதற்குள் நான்காம் பாதைக்குப் போயிருப்பார். கீழ்த்தட்டில் இருக்கும் ரொட்டிப் பொட்டலங்கள் நாயின் மூக்குக்கு நேர் உயரம். எதை விற்கலாம், எதைக் குப்பையில் போட வேண்டும் என்று தீர்மானிப்பதும், போட்டதற்குக் கணக்குச் சொல்வதும் அடுக்கி வைக்கும் பையனின் வேலை. தள்ளுவண்டியின் குழந்தை இருக்கையில் நாயை உட்காரவைக்கக் கடை அனுமதிக்க வேண்டியதில்லை. சேவை நாயாகவே இருந்தாலும் பொதுவாக அது தரையில் நிற்க வேண்டும் அல்லது எஜமானர் தூக்கிக்கொள்ள வேண்டும். இந்த விதி தெரிந்த ஊழியர்கள் குறைவு. தெரிந்தாலும் வாய் திறப்பவர்கள் அதைவிடக் குறைவு.

இறைச்சி வெட்டும் பகுதியில், சுடச்சுட உணவு கொடுக்கும் பகுதியில் வேலை செய்பவருக்கு இன்னொரு சிக்கல். நாயைத் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் உணவைத் தொட வேண்டும். "செல்லம், அக்காவுக்கு ஹலோ சொல்லு" என்று நாயின் முன்னங்காலை நீட்டும் வாடிக்கையாளரிடம், வேண்டாம் என்று முகம் கோணாமல் சொல்ல வேண்டும்.

எல்லா ஊழியர்களுக்கும் நாய் பிடிக்கும் என்று எழுதிவைத்திருக்கிறதா? ஆஸ்துமா உள்ளவர் இருக்கிறார். சிறு வயதில் கடிபட்டவர் இருக்கிறார். வாடிக்கையாளர் இஷ்டப்பட்டால் வேறு கடைக்குப் போகலாம். ஊழியர் எட்டு மணி நேரமும் அதே மூன்றடி இடத்தில்தான் நிற்க வேண்டும். வாடிக்கையாளருக்குச் சேவை நாய், ஊழியருக்கு ஒவ்வாமை என்றால் இருவரையும் தள்ளித் தள்ளி நிறுத்தி, இருவருக்கும் வழி செய்ய வேண்டும் என்பதே நீதித்துறையின் நிலை. பெரிய கடையில் வேறு கல்லாவுக்கு மாற்றலாம். இரவு பதினோரு மணிக்குப் பெட்ரோல் பங்க் கடையில் தனியாக நிற்கும் ஊழியரை எங்கே மாற்றுவது?

கடி பற்றியும் பேசியாக வேண்டும். வீட்டுக் காப்பீடு தரும் நிறுவனங்கள் நாய்க்கடி, நாயால் ஏற்பட்ட காயங்களுக்காக 2023-ல் மட்டும் 19,062 கோரிக்கைகளுக்கு 112 கோடி டாலர் கொடுத்திருக்கின்றன. எங்கே கடித்தாலும் சேர்த்து வந்த கணக்கு இது. கடையில் கடித்தது மட்டுமல்ல. ஆனால், கூட்டம், வழுக்கும் தரை, கிறீச்சிடும் வண்டிகள், குறுக்கே ஓடும் குழந்தைகள், இறைச்சி வாசனை என்று பழகாத நாயைப் பதறவைக்கும் எல்லாமே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஒன்றுகூடி இருக்கின்றன. பையில் பொருட்களைப் போடக் குனியும் ஊழியரின் முகம், வண்டியில் உட்கார்ந்திருக்கும் நாயின் வாய்க்கு ஒரு சாண் தூரம்.

இத்தனைக்கும் நடுவில் அவருக்கு இருக்கும் அதிகாரம் என்ன? கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-க்குப் பிறகு உயரவே இல்லை. பல மாநிலங்கள் கூடுதலாக நிர்ணயித்திருக்கின்றன என்றாலும், கல்லா வேலை இன்றும் அங்கே மிகக் குறைவாகச் சம்பளம் தரும் வேலைகளில் ஒன்று. கேஷியர்கள் மட்டுமே முப்பது லட்சத்துக்கும் மேல். மொன்டானாவைத் தவிர மற்ற மாநிலங்களில், ஒப்பந்தமோ தொழிற்சங்கமோ துணைக்கு இல்லாத ஊழியரைக் காரணமே சொல்லாமல் நிறுத்திவிடலாம் என்பது பொது விதி. மறுபக்கம், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மீறிய கடைக்கு முதல் தடவைக்கே 75,000 டாலர் வரை அபராதம் என்று 2014-ல் உயர்த்தினார்கள். விலைவாசிக்கேற்பக் கூடிக்கூடி இப்போது அது 1 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது.

கடை முதலாளிகள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். பொய் சொல்லி வரும் பத்து நாய்களை உள்ளே விட்டால் நஷ்டம் ஒரு துடைப்பக்கட்டையோடு போகும். நிஜமான ஒரு சேவை நாயைத் தடுத்துவிட்டால் வழக்கு. அதனால் பல கடைகளில் வாய்மொழி உத்தரவு, "எதுவும் கேட்காதே" என்பதுதான். வாசலில் மட்டும் 'சேவை விலங்குகளுக்கே அனுமதி' என்ற பலகை தொங்கும். பலகையைப் படித்த வாடிக்கையாளர் ஊழியரிடம் நியாயம் கேட்பார். பலகையை மாட்டிய நிர்வாகம் அவரை வாய் மூடச் சொல்லும். சட்டம் கடைக்குக் கொடுத்த இரண்டு கேள்விகளையும் கடையே பறித்து வைத்துக்கொண்டு, பழியை மட்டும் ஊழியருக்கு விட்டுவிடுகிறது. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நாயைக் கூட்டிவரும் தனிமைப்பட்ட மனிதர் மேல்கூட அவ்வளவு வருவதில்லை.

செல்ல நாய் தாக்கினால் தகர்வது என்ன?

பொய் மேலங்கிகளால் முதலில் அடிபடுபவர் ஊழியர் என்றால், ஆழமாக அடிபடுபவர் வழிகாட்டி நாயை நம்பி நடக்கும் பார்வையற்றவர்.

ஒரு வழிகாட்டி நாய் உருவாவதை நினைத்துப் பாருங்கள். குட்டியை ஒரு வயது தாண்டும்வரை தன்னார்வக் குடும்பங்கள் வளர்க்கின்றன. பிறகு பள்ளியில் மாதக்கணக்கில் பயிற்சி. படிக்கட்டின் விளிம்பில் நிற்க, தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைச் சுற்றிப்போக, எஜமானர் "போ" என்று சொன்னாலும் கார் வந்தால் நகராமல் மறுக்க அது கற்றுக்கொள்கிறது. அதன்பின் எஜமானரோடு சேர்ந்து பழகும் வாரங்கள். ஒரு நாயை உருவாக்கப் பல்லாயிரம் டாலர்கள் ஆகின்றன. நன்கொடைகளால் நடக்கும் 'தி சீயிங் ஐ', முதல் நாய்க்கு எஜமானரிடம் வாங்குவது 150 டாலர் மட்டுமே. முன்னாள் ராணுவத்தினரிடம் ஒரே ஒரு டாலர்.

இப்படி உருவான நாய், கடையின் குறுகலான பாதையில் எஜமானரை அழைத்துப் போகிறது. எதிரே வண்டியிலிருந்து ஒரு செல்ல நாய் பாய்ந்து குரைக்கிறது. கடிக்கக்கூட வேண்டாம்; வழிகாட்டி நாயின் கவனம் சிதறினால் போதும், எஜமானர் கண்ணாடிப் பாட்டில் அடுக்கில் மோதலாம். கடித்துவிட்டால் நிலைமை மோசம். ஒருமுறை தாக்கப்பட்ட நாய், மற்ற நாய்களைப் பார்த்தாலே மிரள ஆரம்பித்து, வேலையிலிருந்தே ஓய்வு பெற்றுவிட நேர்வதுண்டு. எஜமானர் மறுபடி வெள்ளைக் கோலுக்கும், காத்திருப்போர் பட்டியலுக்கும் திரும்புகிறார்.

பொய் நாய்களோடு பட்டுப்பட்டு வெறுத்துப்போன ஊழியர், அடுத்து வரும் நிஜ நாயையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். பார்வைக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்கள் இதை ஒவ்வொரு கடை வாசலிலும் அனுபவிக்கிறார்கள். ஃப்ராங்க் ரயில்வேக்காரர்களோடு வாதாடிய அதே வாதத்தை, தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, வலிப்பு நோய் உள்ள ஓர் இளம்பெண் பால் வாங்கப் போன இடத்தில் திரும்ப வாதாடுகிறாள்.

■ பெட்டிச் செய்தி: கனடாவில் எப்படி?

டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழர்களின் பலசரக்குக் கடைகள் நிறைய. அங்கே கல்லாவில் நிற்பவருக்குப் பொருந்துவது ஒன்ராறியோ மாகாண விதி. நாயின் மேலங்கியோ சேணமோ பார்த்தவுடன் சேவை நாய் என்று காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் மருத்துவர், செவிலியர், உளவியலாளர் போன்ற பதிவு பெற்ற ஒருவரின் கடிதம் வேண்டும். உணவுக் கடை என்றாலும், விற்பனைப் பகுதிக்குச் சேவை நாய் வரலாம்.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2016-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயின்ற நாய்க்கும், பொது இடத் தேர்வில் தேறிய நாய்க்கும் மாகாண அரசே அடையாள அட்டை தருகிறது. பொய் சொன்னாலும், நிஜ நாயைத் தடுத்தாலும் 3,000 டாலர் வரை அபராதம்.

அட்டை தீர்த்துவிடுமா?

"அரசே ஓர் அட்டை கொடுத்துவிட்டால் பிரச்னை முடிந்தது" என்று ஊழியர்கள் பலர் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா முறையில் ஊழியரின் சுமை குறைகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால், அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் அதை எதிர்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. பள்ளிகளில் நாய்க்காகக் காத்திருப்பது ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. பலர் சொந்தமாகவே நாயைப் பழக்குகிறார்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது. தேர்வு மையம் இருநூறு மைல் தள்ளி இருந்தால், கார் ஓட்ட முடியாதவர் எப்படிப் போவார்? நல்ல உடல்நிலையில் இருப்பவர் எதையும் காட்டாமல் நுழையும் கடைக்குள், மாற்றுத்திறனாளி மட்டும் ஒரு நாளைக்குப் பத்து முறை அட்டை காட்ட வேண்டுமா? இந்த இடத்தில் நான் அவர்கள் பக்கம். மனிதரின் சொல்லை நம்பு என்று சட்டம் சொல்வது அதன் பலவீனம் அல்ல.

சட்டம் கடைக்குக் கொடுத்திருக்கும் இன்னொரு கருவியை யாரும் எடுப்பதே இல்லை என்பதுதான் குறை. நாயின் நடத்தை. குரைத்துக்கொண்டே இருக்கிறதா, மற்றவர் மேல் பாய்கிறதா, அலமாரியில் கால் தூக்குகிறதா? எஜமானர் அடக்கவில்லையா? வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். அது சேவை நாயா இல்லையா என்ற ஆராய்ச்சியே தேவையில்லை. உடல்நிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஆப்பிளை நக்கும் பூடிலை, எஜமானரின் மருத்துவக் குறிப்பைப் பார்க்காமலேயே வண்டியிலிருந்து இறக்கச் சொல்லலாம்.

இதைச் சொல்ல வேண்டியவர் யார் என்பதுதான் கேள்வி. கல்லாவில் இருப்பவர் சொல்லக் கூடாது, சொல்லவைக்கவும் கூடாது. ஒவ்வொரு ஷிப்ட்டிலும் பொறுப்பு மேனேஜர் ஒருவர் இதற்கென்று பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஊழியர் ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் வர வேண்டும். சரியாகக் கேட்ட இரண்டு கேள்விகளுக்காக எந்த ஊழியர் மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளிலிருந்து ஒருவரை அழைத்து, நல்ல சேவை நாய் எப்படி நடந்துகொள்ளும் என்று ஊழியர்களுக்குக் காட்டலாம். அது எஜமானரின் காலடியில் அமைதியாக உட்கார்ந்திருக்கும், சிந்திய உணவை முகராது, கூப்பிட்டாலும் வராது. இரண்டு முறை பார்த்துவிட்டால் வித்தியாசம் தானாகத் தெரியும்.

செல்ல நாயோடு கிளம்பி வந்துவிட்டவருக்கும் வழி இருக்கிறது. கொரோனா காலத்தில் அமெரிக்கக் கடைகள் வேகமாக விரிவாக்கிய வசதி, போனில் ஆர்டர் செய்தால் பொருளைக் கார் வரை கொண்டுவந்து தருவது. குளிர்சாதனம் ஓடும் காரில் நாயோடு உட்கார்ந்தபடியே பாலும் ஆப்பிளும் வாங்கிக்கொள்ளலாம். பெரிய கடைகள் பலவற்றில், குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் இதற்குக் கட்டணமும் இல்லை. நாயோடு வாசலுக்கு வருபவரிடம், "வண்டியிலேயே இருங்க, நாங்க கொண்டுவந்து தர்றோம்" என்று அந்த மேனேஜர் சொல்ல முடியும். அதற்கு, பையைத் தூக்கிக்கொண்டு வாகன நிறுத்தம் வரை நடக்கும் ஊழியருக்கான நேரத்தை ஷிப்ட் அட்டவணையில் கடை ஒதுக்க வேண்டும். இப்போது பல கடைகளில் அந்த வேலையையும் சேர்த்துப் பார்ப்பது, கல்லாவிலிருந்து இழுத்துக்கொண்டுவரப்படும் அதே ஊழியர்தான்.